இரவில் அரை மாத்திரை

மூத்தவள் 32ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். கால் வீங்கியபோது, "மாசமா இருந்தா நீர் கோக்கத்தான் செய்யும், பார்லித் தண்ணி குடி" என்றார்கள். நானும் நம்பினேன். தலைவலி மண்டையைப் பிளந்து, கண்ணில் பூச்சி பறந்த பிறகுதான் மருத்துவமனைக்கு ஓடினோம். பிரஷர் 170/114. சிறுநீரில் புரதம். ப்ரீஎக்ளாம்சியா, அதாவது கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறும் நோய் என்றார்கள். வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்பேட், குழந்தையின் நுரையீரலுக்கு ஊசி, இரண்டாம் நாள் ஆபரேஷன்.

அதனால் அடுத்தது தரித்ததும், எட்டாவது வாரமே டர்பனை ஒட்டிய எங்கள் சாட்ஸ்வர்த்திலிருந்து பழைய டிஸ்சார்ஜ் சீட்டோடு டாக்டரிடம் போய் நின்றேன். 12ஆவது வாரத்திலிருந்து 36 வரை தினம் இரவு 150 மில்லிகிராம் ஆஸ்பிரின், கூடவே கால்சியம் என்று எழுதினார்.

அத்தைக்குப் பயம். "ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரையாச்சே?" எனக்கும் அதே பயம்தான். டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார். நஞ்சுக்கொடி சரியாக வேர்பிடிக்காவிட்டால் அதற்கு ரத்தம் போதாது. அந்தத் தவிப்பில் அது வெளிவிடும் பொருட்கள் தாயின் ரத்தக்குழாய்களின் உட்சுவரை அழற்சிக்கு உள்ளாக்கும். பிரஷர் அதில்தான் ஏறுகிறது. குழாயைச் சுருக்கி, தட்டணுக்களை ஒட்ட வைக்கும் திராம்பாக்ஸேன் சுரப்பதைக் குறைந்த அளவு ஆஸ்பிரின் அடக்குகிறது. அழற்சியையும் தணிக்கலாம் என்கிறார்கள். வேர்பிடிக்கும் காலத்திலேயே, 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். 2017இல் வந்த ஆஸ்ப்ரி ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள பெண்களில் 37 வாரத்துக்கு முன்பே இந்நோய் வந்தவர்கள் மாத்திரை எடுத்தவர்களில் 1.6 சதவீதம், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4.3 சதவீதம்.

முதல் மாத்திரை போட்டது ஆடிக்கூழ் ஊற்றிய வாரம். கிடைத்தது 300 மில்லிகிராம் கரையும் மாத்திரை. நடுக்கோட்டில் உடைத்து, அரைக் குவளைத் தண்ணீரில் போட்டால் நுரைத்து அடியில் வெள்ளையாகப் படியும். அதையும் கலக்கிக் குடிப்பேன், சாப்பிட்ட பிறகுதான். வயிற்றுப்புண், ஆஸ்பிரின் ஒவ்வாமை, ரத்தக்கசிவுக் கோளாறு இருப்பவர்களுக்கு இது ஆகாது. டாக்டரைக் கேட்காமல் யாரும் தொடங்க வேண்டாம், தயவுசெய்து.

பிரஷர் வராமலே போய்விடவில்லை. 37ஆவது வாரம் 146/94 காட்டியது. மறுபடி ஆபரேஷன். ஆனால் இந்த முறை பிள்ளை 2.8 கிலோ, கண்ணாடிப் பெட்டி தேவைப்படவில்லை. மூத்தவளை அதில் வைத்துப் பதினெட்டு நாள் தொட்டுப் பார்த்தவள் நான்.

பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் வரை பிரஷர் ஏறலாமாம். மெஷின் இன்னும் கட்டிலோரமே இருக்கிறது.