கூடையில் ஒன்றாக விழுந்த இரண்டு பாட்டில்கள்

டேப் உருளை ஒன்றை எடுத்துவரப் பொதி கட்டும் மேசைக்குப் போனபோதுதான் அந்தப் பெட்டி என் கண்ணில் பட்டது. துணி வெளுக்கும் ப்ளீச் ஒரு பாட்டில், அதன் தோளை உரசிக்கொண்டு கழிப்பறைக் கறை நீக்கும் அமிலம் இன்னொரு பாட்டில். இரண்டின் மூடிகளையும் இறுக்கி, தனித்தனியே பபிள் ராப் சுற்றி, இடைவெளியில் கசக்கிய காகிதத்தையும் திணித்து, கண்ணாடிப் பாத்திரம் அனுப்பும்போது காட்டும் அத்தனை அக்கறையோடும் அந்தப் பணியாளர் கட்டியிருந்தார். வழியில் இரண்டு மூடிகளும் கசிந்திருந்தால், ஒன்றில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டும் மற்றதில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்து, அடைத்த வண்டிக்குள் குளோரின் வாயு கிளம்பியிருக்கும். ஆனாலும் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் முன்னால் இருந்த திரை பொருளின் பெயரையும் ரேக் எண்ணையும் எண்ணிக்கையையும் காட்டியதே தவிர, இவ்விரண்டும் ஒரே பெட்டியில் போகக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இணையக் கடைகளின் சரக்கை வைத்திருந்து அனுப்பிக் கொடுக்கும் வேலையில் இருக்கிற எனக்கு, அன்று முதல் ஒரு விஷயத்தில் பிடிவாதம் வந்துவிட்டது. ஒரு பொருள் ஆபத்தானதா, ஆபத்து என்றால் எந்த வகை, எதன் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது, எந்த ஊர்தியில் ஏற்றக் கூடாது என்ற கேள்விகளுக்கெல்லாம் அது பட்டியலில் ஏறும் நாளிலேயே விடை எழுதப்பட்டிருக்க வேண்டும். பொதி கட்டும் மேசையில் நிற்பவருக்கு ஒரு ஆர்டருக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடங்கள். அந்த அவகாசத்தில் வேதியியல் யோசிக்கும்படி அவரை விடுவது நம் தவறு.

விடையைத் தேட வேண்டிய இடம், தயாரிப்பாளர் ரசாயனப் பொருளுக்குத் தரும் பாதுகாப்புத் தரவுத் தாள். உலக அளவில் ஒத்துக்கொள்ளப்பட்ட அமைப்பின்படி அதில் 16 பிரிவுகள் இருக்கும். 14ஆவது பிரிவு போக்குவரத்துக்கு உரியது, ஐ.நா. எண் (ஆபத்தான பொருளுக்குரிய அடையாள எண்), ஆபத்து வகுப்பு, பொதித் தொகுதி (ஆபத்தின் கடுமையைக் காட்டும் தரம்; ஒன்று மிகக் கடுமையானது, மூன்று மிகக் குறைந்தது) ஆகியவை அங்கே இருக்கும். பலர் அதை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மூடிவிடுகிறார்கள். பொருளின் இயற்பியல், வேதியியல் பண்புகளைச் சொல்லும் 9ஆவது பிரிவையும் நான் சேர்த்தே படிப்பேன், ஏனென்றால் "போக்குவரத்துக் கட்டுப்பாடு இல்லை" என்று 14இல் எழுதிவிட்டு, தீப்பற்று வெப்பநிலை 20 டிகிரி என்று 9இல் எழுதியிருக்கும் தாள்கள் என் கைக்கு வந்திருக்கின்றன. ஒரு திரவத்தின் ஆவி, பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்குத் திரளும் மிகக் குறைந்த வெப்பநிலையைத்தான் அப்படிச் சொல்கிறோம். நெயில் பாலிஷ் அகற்றப் பயன்படும் அசிட்டோனுக்கு அது சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 டிகிரி. அதாவது, திறந்த பாட்டில் எந்தக் கிடங்கிலும் எந்த நேரத்திலும் தீக்குத் தயாராகவே இருக்கிறது. 70 விழுக்காடு எத்தனால் கொண்ட கை சுத்திகரிப்பானுக்கு அது 17 டிகிரி அளவில் வரும். விற்பவர் அதை "மூலிகைத் திரவம்" என்று விளம்பரப்படுத்தியிருந்தாலும், துளசியின் வாசனை தீப்பற்று வெப்பநிலையை ஏற்றிவிடாது.

ஆபத்தான சரக்குகளை ஐ.நா. பரிந்துரைகள் ஒன்பது வகுப்புகளாகப் பிரிக்கின்றன. கடலுக்கும் வானுக்கும் சாலைக்கும் உள்ள தனித்தனி விதிநூல்கள் எல்லாம் அந்த அடித்தளத்தில் எழுந்தவைதான். இணையக் கடைக்காரர் வெடிபொருளையும் கதிரியக்கப் பொருளையும் பெரும்பாலும் தொடப்போவதில்லை. வாசனைத் திரவியம் ஐ.நா. எண் 1266, ஸ்ப்ரே டப்பா 1950, பெயின்ட் 1263, லித்தியம் அயான் பேட்டரி 3480 என்று அன்றாடம் புழங்கும் எண்கள் ஒரு கைக்குள் அடங்கிவிடும். இந்த எண்கள் பழகிய பிறகு, தரவுத் தாளில் ஏதோ பொருந்தவில்லை என்பது கண்ணுக்குத் தானாகவே உறுத்தத் தொடங்கும்.

கிடங்குக்குள் வந்தால், முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஆவி எங்கே போகிறது என்பது. அசிட்டோன் ஆவி காற்றைப்போல் இரண்டு மடங்கு கனமானது. அது கூரைக்கு எழும்பாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளங்களிலும் வடிகால்களிலும் தேங்கி, பல அடி தள்ளி இருக்கும் ஒரு சுவிட்சின் பொறியைக்கூடத் தேடிப் போய்ப் பற்றிக்கொண்டு திரும்பி வரும். ஆகவே உயரத்தில் மட்டும் காற்றாடி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது; தரைமட்டத்திலும் காற்று வெளியேற வழி வேண்டும். திரவங்களுக்குக் கீழே தட்டு வைக்கும்போது, அதில் நிற்கும் மிகப்பெரிய கலனின் கொள்ளளவில் 110 விழுக்காட்டைத் தாங்கும்படி வைப்பது வழக்கம். ஸ்ப்ரே டப்பாக்களை 50 டிகிரிக்கு மேல் சூடேற விடக் கூடாது. தீயில் அவை வாணம்போல் பாயும் என்பதால், மற்றச் சரக்கிலிருந்து பிரித்துக் கம்பிவலைக் கூண்டுக்குள் வைப்பதே சரி.

பெயரின் அகரவரிசைப்படி அடுக்குவது போன்ற பார்வைக்கு அழகான அபத்தம் வேறில்லை. அமிலமும் ஆல்கஹாலும் முதலெழுத்துகள் அடுத்தடுத்தவை என்பதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். அமிலத்தையும் காரத்தையும் பிரிக்க வேண்டும், ஆக்ஸிஜன் தரும் பொருள்களை எரியும் பொருள்களிடமிருந்து விலக்க வேண்டும். முடிக்குச் சாயம் ஏற்றும்போது பயன்படும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு இதில் பலரை ஏமாற்றுகிறது. அழகுசாதனம் என்று பெயர் வாங்கிவிட்டதால் வாசனைத் திரவியங்களின் ரேக்கில் போய் உட்கார்ந்திருக்கும். ஆனால் 8 விழுக்காடோ அதற்கு மேலோ செறிவிருந்தால் அது 5.1 வகுப்பில் ஆக்ஸிஜனேற்றி, எரியும் திரவத்தின் அண்டையில் அதற்கு இடமே கிடையாது. மெல்லச் சிதைந்து ஆக்ஸிஜனை விட்டுக்கொண்டே இருப்பதால் சில பாட்டில்களின் மூடியில் காற்றுத் துளை இருக்கும். அவற்றைப் படுக்கவைத்தால் கசியும்.

சரக்கு சும்மா கிடக்கும்போதே மாறிக்கொண்டிருக்கும் என்பதற்கு 2015 ஆகஸ்ட் 12 அன்று சீனாவின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கில் நடந்ததே போதும். ஈரமாக வைத்திருக்க வேண்டிய நைட்ரோசெல்லுலோஸ் வெப்பத்தில் உலர்ந்து, தானே சூடேறிப் பற்றிக்கொள்ள, அருகில் குவிந்திருந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்து, காணாமற்போனவர்களையும் சேர்த்து 173 உயிர்கள் போயின. நெயில் பாலிஷில் இருப்பதும் அதே நைட்ரோசெல்லுலோஸ்தான். கரைப்பானில் கரைந்த நிலையில் இருப்பதால் அதன் குணம் வேறு, அதை எண்ணிப் பயப்படத் தேவையில்லை, எரியும் திரவமாக நடத்தினால் போதும்.

லித்தியம் பேட்டரியைப் பற்றித்தான் எனக்கு அதிகமான கேள்விகள் வருகின்றன. பவர் பேங்கைக் கருவி என்று எண்ணி, கருவியோடு போகும் பேட்டரிக்கு உரிய 3481 என்ற எண்ணை எழுதுவோர் அநேகர். அதன் வேலையே மின்சாரத்தைச் சேமித்து வேறொன்றுக்குத் தருவது என்பதால் விமான விதிகள் அதைத் தனி பேட்டரியாகவே கொண்டு 3480இல் சேர்க்கின்றன. இந்த ஒரு எண் வேறுபாட்டின் விளைவு பெரியது. 2016 ஏப்ரல் 1 முதல், தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் பேட்டரிகள் பயணிகள் விமானத்தில் சரக்காகப் போக முடியாது; சரக்கு விமானத்தில் போனாலும் மின்னேற்றம் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. புதுப் பவர் பேங்க் காலியாக வருகிறது என்று வாடிக்கையாளர் சலித்துக்கொண்டால், காரணம் இதுவாகவே இருக்கலாம். பேட்டரி சேமிக்கும் ஆற்றலைக் குறிக்கும் வாட்-மணி அளவைக் கணக்கிட மின்னழுத்தத்தை ஆம்பியர்-மணியால் பெருக்க வேண்டும்: 3.7 வோல்ட், 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 74 வாட்-மணி. 100ஐத் தாண்டினால் விதிகள் இறுகும். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் விழுந்து நொறுங்கி இரு விமானிகளைப் பலிகொண்ட போயிங் 747 சரக்கு விமானத்தில், தீ மூண்ட சரக்கிடையே லித்தியம் பேட்டரிகள் இருந்தன. அவற்றில் சில, ஆபத்தான சரக்கு என்று அறிவிக்கப்படாமலே ஏற்றப்பட்டிருந்தன.

கட்டும் முறைக்கு வருகிறேன். திரவப் பாட்டிலின் மூடி தளராதபடி டேப் சுற்றி, கசிவைத் தாங்கும் பையிலிட்டு, உறிஞ்சும் பொருள் வைத்து, பெட்டியின் எதிரெதிர் இரு பக்கங்களிலும் மேல்நோக்கிய அம்புகளை ஒட்ட வேண்டும். சில்லறைக்கு உதவுவது, சிறு கலன்களுக்கு விதிகளைத் தளர்த்தும் 'வரையறுக்கப்பட்ட அளவு' என்னும் சலுகை. சாலையிலும் கடலிலும், எரியும் திரவம் பொதுவாக இரண்டாம் பொதித் தொகுதியில் ஒரு பாட்டிலுக்கு 1 லிட்டர், மூன்றாவதில் 5 லிட்டர், முழுப் பெட்டி 30 கிலோ என்ற வரம்புக்குள் இருந்தால், மேல் முனையும் கீழ் முனையும் கறுத்த சாய்சதுரக் குறி ஒன்று போதும். வான்வழியில் அதே குறிக்குள் 'ஒய்' எழுத்து வேண்டும், அளவுகளும் குறுகும். அதைக் கவனிக்காமல் சாலைக்கான குறியோடு விமானத்துக்குப் போகும் பெட்டிதான் அடிக்கடி திருப்பி அனுப்பப்படுகிறது.

பழைய பெட்டியை மறுபடி பயன்படுத்தினால் முந்தைய லேபிள்களை முழுதும் அகற்றுவது கட்டாயம். இல்லாத ஆபத்தை அறிவிக்கும் பெட்டியும், இருக்கும் ஆபத்தை மறைக்கும் பெட்டியும் ஒரே குழப்பத்தின் இரு பக்கங்கள். 1996 மே 11 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 110 பேருடன் வீழ்ந்த விமானத்தில், காலாவதியான ஆக்ஸிஜன் உருவாக்கிகள் (வேதிவினையால் சூடேறி ஆக்ஸிஜன் தரும் கருவிகள்) பாதுகாப்பு மூடி இல்லாமல் அட்டைப்பெட்டிகளில் இருந்தன. சரக்குச் சீட்டோ அவற்றைக் காலி என்றது.

திரும்பி வரும் சரக்கைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நாம் விதிப்படி கட்டி அனுப்பியதை, வாடிக்கையாளர் கையில் கிடைத்த உறையில் போட்டு, எந்தக் குறியும் இல்லாமல் அனுப்பிவிடுகிறார். அப்படி வந்த ஒரு காகித உறையை நான் தூக்கியபோது, பலகைபோல் தட்டையாக இருக்க வேண்டிய பவர் பேங்க் நடுவில் உப்பி, ஓரத்து மூட்டு பிளந்து, லேசான இனிப்பு வாசம் வீசியது. பழுதுபட்ட லித்தியம் பேட்டரி எந்த விமானத்திலும் ஏறக் கூடாதது. அது எவ்வழியாக வந்தது என்று எண்ணிப் பார்க்கவே தயக்கமாக இருந்தது. கட்டடத்துக்கு வெளியே மணல் நிரப்பிய இரும்பு டிரம்முக்குள் அதை இறக்கிவிட்டு, திருப்பி அனுப்பும் படிவத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்தோம். பேட்டரி உள்ள பொருள் என்றால் உப்பியிருக்கிறதா, சூடாகிறதா, கசிகிறதா என்ற மூன்று கேள்விகள் இப்போது முதலில் வருகின்றன. ஒன்றுக்கு ஆம் என்றாலும் கூரியர் லேபிள் அச்சாகாது. பணம் திரும்பிப் போய்விடும், பேட்டரியை வீட்டுக்கு அருகிலுள்ள ஆபத்தான கழிவுச் சேகரிப்பிடத்தில் ஒப்படைக்கும் முறை மட்டும் திரையில் தோன்றும்.