இருபது வருடமாக ஒன்றும் ஆகாத செப்டிக் டேங்க்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செப்டிக் டேங்க் பேச்சை எடுத்தால் பாதிப் பேர் சொல்வது இதுதான்: "கட்டி இருபது வருசமாச்சு, இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல." முதலில் திறந்து பார்க்க வேண்டியது அந்த வீட்டு டேங்கைத்தான். கசடு நிரம்பினால் கக்கூஸ் உடனே அடைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கசடு வெளிவாய் வரைக்கும் ஏறிவிட்டால், அதற்கப்புறம் வருவதெல்லாம் தங்காமல் லோங்காங்குக்கு, அதாவது வெளிச் சாக்கடைக்கு, ஓடிவிடும். வீட்டுக்குள் ஒரு வாடையும் இருக்காது. பின்னால் பிள்ளைகள் விளையாடும் இடத்தில்தான் கறுப்புத் தண்ணீர் நிற்கும்.

பழைய செங்கல் டேங்கில் இரண்டு அறைகள் இருக்கும். முதல் அறை பெரியது, மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு. பால் ஆறினால் ஏடு கட்டுவதுபோல மேலே எண்ணெயும் மிதப்பதும் சேர்ந்து ஏடு கட்டும். அடியில் கசடு படியும். நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டுமே வெளியே போக வேண்டும். கசட்டில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். மீதி அங்கேயே கிடக்கும். ஈஸ்ட்டோ கடையில் விற்கும் பொடியோ அந்த மீதியைக் கரைக்காது. தேவையான நுண்ணுயிர்கள் மலத்திலேயே வேண்டிய அளவு இருக்கின்றன. அந்தக் காசைச் சேர்த்து வைத்து, கசடு உறிஞ்சும் லோரியைக் கூப்பிடுங்கள்.

வருடம் ஒரு முறை, அக்டோபர் மழை தொடங்கும் முன்பு மூடியைத் திறந்து பாருங்கள். கான்கிரீட் மூடியைத் தனியாளாகத் தூக்க வேண்டாம். திறந்ததும் 20 நிமிடம் விலகி நில்லுங்கள். சிகரெட், கொசுவர்த்தி, குப்பை எரிக்கும் நெருப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது, உள்ளே மீத்தேன் இருக்கிறது. எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்காதீர்கள், தலையைக்கூட விடாதீர்கள். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கை மரக்க வைத்துவிடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று தோன்றும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து சாவது இந்த வேலையில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

முதலில் தண்ணீர் மட்டம். அது வெளிவாய்க் குழாயின் அடிவிளிம்போடு சமமாக நிற்க வேண்டும். அதற்கு மேலே இருந்தால் வெளிக்குழாயில் மண்ணோ வேரோ அடைத்திருக்கிறது, அல்லது லோங்காங் நிரம்பித் திரும்பித் தள்ளுகிறது. கீழே இருந்தால் டேங்க் விரிசல் விட்டுக் கசிகிறது. சுவரில் பழைய மட்டம் கறுப்புக் கோடாகப் பதிந்திருக்கும், டார்ச் அடித்தால் தெரியும்.

அடுத்து வெளிவாயில் இருக்கும் T குழாய். ஏடு வெளியேறாமல் தடுப்பது இதுதான். பழைய டேங்கில் இதற்குப் பதில் கான்கிரீட் தடுப்பு இருக்கும். தண்ணீருக்கு மேலே ஹைட்ரஜன் சல்பைடு கந்தக அமிலமாக மாறி கான்கிரீட்டை அரிக்கும். தொட்டால் ஈரப் பிஸ்கட்போல உதிரும். உதிர்ந்திருந்தால் 4 அங்குல பிவிசி T மாட்டச் சொல்லுங்கள். அதன் கால் தண்ணீருக்குள் ஓர் அடியாவது இறங்க வேண்டும், மேல்வாய் திறந்திருக்க வேண்டும்.

இனி அளவு. 8 அடிக் கம்பின் கீழ் 3 அடிக்குப் பழைய வெள்ளைத் துண்டை இறுக்கிச் சுற்றுங்கள். ஏட்டை ஓர் ஓரமாக ஒதுக்கி, கம்பைத் தரை தட்டும்வரை மெதுவாக இறக்கி, 3 நிமிடம் அசைக்காமல் பிடித்து, நேராக மேலே எடுங்கள். துண்டின் நூலில் கறுப்புத் துகள் ஒட்டிய உயரம்தான் கசடு. அதற்கு மேலே துண்டு வெறும் பழுப்பாக நனைந்திருக்கும். ஏட்டுக்கு, நுனியில் சிறு பலகை அடித்த இன்னொரு கம்பு: அதை ஏட்டுக்குக் கீழே இறக்கித் திரும்ப மேலே இழுத்தால் பலகை தடுபடும் இடம் ஏட்டின் அடி. தண்ணீர் ஆழம் 48 அங்குலம், கசடு 11, ஏடு 5 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 16, மூன்றில் ஒரு பங்கு. இனித் தள்ளிப்போடக் கூடாது. தீபகற்ப மலேசியாவில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை உறிஞ்ச வேண்டும் என்பதுதான் கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டர் சொல்லும் கணக்கு. ஆள் அதிகமுள்ள வீட்டில் அதற்கு முன்பே நிரம்பலாம்.

உறிஞ்ச வருபவர் தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் உரிமம் உள்ளவரா என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள். மலிவு விலைக்கு வரும் லோரி எங்கே கொட்டுகிறது என்று நமக்குத் தெரியாது; செம்பனைக் காட்டுக் கால்வாயிலும் கொட்டலாம். பக்கத்திலேயே நில்லுங்கள். ஒரு மூடியை மட்டும் திறந்து தண்ணீரை உறிஞ்சிவிட்டுக் கிளம்புவது அடிக்கடி நடப்பதுதான். இரண்டு அறையும் காலியாக வேண்டும், கெட்டியான ஏட்டைக் கலக்கி எடுக்க வேண்டும். சமையலறையை இழுத்துக் கட்டும்போது மூடியின்மேல் டைல்ஸ் ஒட்டிவிட்ட வீடுகள் இங்கே ஏராளம். அங்கே முதல் செலவு தரையை உடைப்பதுதான். கட்டும்போதே தூக்குகிற மாதிரி மூடி வைத்திருந்தால் அது மிச்சம்.

இந்தப் பகுதி களிமண் தாழ்நிலம். மழையோடு கடல் நீர் ஏற்றமும் சேர்ந்தால் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். அந்த நேரத்தில் பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் டேங்கைக் காலி செய்தால் அது படகுபோல மிதந்து குழாயை முறித்துக்கொள்ளும். 2,000 லிட்டர் டேங்கை நிலத்தடி நீர் சுற்றி நின்றால், ஏறக்குறைய 2 டன் அளவுக்கு மேலே தள்ளும். அதனால் காய்ந்த வாரமாகப் பார்த்து உறிஞ்சுங்கள், லோரி போன உடனே குழாய்த் தண்ணீர் விட்டு வெளிவாய் வரை நிரப்புங்கள்.

மூடியின் இடுக்கைச் சிமெண்டால் பூசி, காற்றுக் குழாயின் வாயில் கொசுவலை கட்டுங்கள். பக்கத்தில் நன்றாகக் காய்க்கிறதே என்று வாழையோ முருங்கையோ வைக்காதீர்கள், வேர் குழாய் இணைப்பைத் தேடி வரும். ஈரத் துடைப்புத்தாள், நாப்கின், பொரித்த எண்ணெய் மூன்றும் கக்கூஸுக்குள் போகக் கூடாது. உறிஞ்சிய தேதியையும் அளந்த அங்குலத்தையும் மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வையுங்கள்.