சுவரிலிருந்து ஐந்து அடி

2024 மார்ச் கடைசியில் அந்தக் கடிதம் வந்தது. பதினோரு வருடமாக ஒரு தவணை தவறாமல் கட்டி வந்த வீட்டுக் காப்பீட்டை இனிமேல் புதுப்பிக்கப் போவதில்லை என்று ஒரே பத்தியில் எழுதியிருந்தார்கள். காரணம், காட்டுத்தீ அபாயம். கலிஃபோர்னியாவில் இப்படி நிறுத்துவதென்றால் குறைந்தது 75 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். வீட்டுக் கடன் இருக்கிறவர்கள் காப்பீடு இல்லாமல் ஒரு நாள்கூட இருக்க முடியாது. நாம் எடுக்காவிட்டால் வங்கியே அதிக விலையில் ஒன்றை எடுத்து நம் கணக்கில் சேர்த்துவிடும். கடிதத்தைப் படித்த அன்றிரவு நானும் என் கணவரும் தூங்கவில்லை.

நாங்கள் இருப்பது சான் டியேகோ நகரின் வடபகுதியில், ராஞ்சோ பெர்னார்டோவில். பின்புறம் புதர் மண்டிய பள்ளத்தாக்கு. இந்த வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இதே கடிதம் வந்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறவர்களை எனக்கே பலரைத் தெரியும். அவர்களுக்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்குப் போட்டிருக்கும் காட்டுத்தீ அபாய மதிப்பெண் என்ன, எதனால் அந்த மதிப்பெண் என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். 2022 முதல் அதைக் கேட்டுப் பெறவும், தவறென்றால் முறையிடவும் நமக்கு உரிமை இருக்கிறது. நாங்கள் முறையிட்டோம், பலிக்கவில்லை. வேறு ஏழு நிறுவனங்களைக் கேட்டோம், எல்லாரும் கையை விரித்தார்கள். கடைசியில் ஃபேர் பிளான். வேறு யாரும் தராதபோது தருவதற்காக 1968இல் ஏற்படுத்திய திட்டம் அது. தீ, புகை போன்றவற்றுக்குத்தான் அதில் பாதுகாப்பு. திருட்டு, குழாய் உடைப்பு, யாராவது நம் வீட்டில் விழுந்து அடிபட்டால் வருகிற பொறுப்பு, இதற்கெல்லாம் தனியாக இன்னொரு பாலிசி எடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து முன்பு கட்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. ஃபேர் பிளான் மட்டும் எடுத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைத்த ஒரு நண்பரின் வீட்டில் பிறகு தண்ணீர் கசிந்து, ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. தயவுசெய்து இந்த இரண்டாவது பாலிசியை மறக்காதீர்கள்.

அடுத்த மாதம் எங்கள் பகுதி மக்களின் சபையான கம்யூனிட்டி கவுன்சில் கூட்டத்துக்குப் போனேன். பதினோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. பெயர் எழுதிக் கொடுத்தால் பேச இரண்டு நிமிடம் தருவார்கள். நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயம் என்றால் கேட்டுக்கொள்வார்கள், அன்றே முடிவெடுக்க மாட்டார்கள். நான் பேசி உட்கார்ந்ததும் யாரும் பதில் சொல்லாததால் மனசு சுருங்கிப்போனது. ஆனால் கூட்டம் கலையும்போது எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா என்னிடம் வந்து, "உங்கள் தெருவில் எத்தனை வீடு?" என்று கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். "எட்டு வீடு இருந்தாலே ஃபயர்வைஸ் ஆகலாம்," என்றார். என் பக்கத்துத் தெருக்காரர். 2007 தீயில் வீட்டை இழந்து அதே இடத்தில் திரும்பக் கட்டியவர்.

அந்தத் தீயைப் பற்றி இங்கே புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிவதில்லை. எங்களுக்கும் தெரியாமல்தான் வீடு வாங்கினோம். 2007 அக்டோபர் 21 அன்று கிழக்கே விட்ச் கிரீக் பக்கம் மின்கம்பிகளில் பிறந்த தீ, கிழக்கிலிருந்து அடிக்கும் சாண்டா அனா என்ற வறண்ட காற்றில் ஒரே இரவில் ஓடி, மறுநாள் விடியும் முன்பே ராஞ்சோ பெர்னார்டோவுக்குள் வந்துவிட்டது. இந்தப் பகுதியில் மட்டும் 300க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. 15ஆம் நெடுஞ்சாலை எவ்வளவு அகலம் என்று தினமும் அதில் போகிறவர்களுக்குத் தெரியும். அதைத் தாண்டி மேற்கே இருந்த வீடுகளும் எரிந்தன.

எப்படித் தாண்டியது? காற்றில் பறந்த கங்குகளால். தி டிரெய்ல்ஸ் என்ற குடியிருப்பில் இருந்த 274 வீடுகளில் 74 அழிந்தன. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் அந்த ஒரு குடியிருப்பை வீடு வீடாக ஆராய்ந்தது. தீயின் முன்வரிசை வந்து சேர்வதற்கு சுமார் ஒரு மணி நேரம் முன்பே கங்குகள் வந்து விழுந்து வீடுகள் பற்றத் தொடங்கிவிட்டன என்று கண்டார்கள். அந்த அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எல்லாரும் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தீ எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது."

சரி, ஃபயர்வைஸ் என்றால் என்ன? தீயைத் தாங்கத் தயாராகும் தெருக்களுக்கு அங்கீகாரம் தர, அமெரிக்காவின் தேசியத் தீ பாதுகாப்புச் சங்கம் 2002 முதல் நடத்தும் திட்டம். அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரு குழு அமைக்க வேண்டும். தெரு முழுவதற்கும் அபாய மதிப்பீடு செய்து, மூன்று வருடத்துக்கு வேலைத் திட்டம் எழுத வேண்டும். வருடத்துக்கு ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சியாவது நடத்த வேண்டும். வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் வருடா வருடம் உழைப்போ அதற்கு ஈடான செலவோ காட்ட வேண்டும். எங்களுக்கு 41 மணி நேரம். காகிதத்தில் பார்த்தால் இவ்வளவுதான். நாற்பத்தொரு கதவைத் தட்டுவதில்தான் காலம் போனது. ஒன்பது வார இறுதிகள் ஆயின. வெறும் தாளோடு போன வீடுகளில் கதவு சீக்கிரம் மூடியது. எனக்கு வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போன பிறகு பேச்சே மாறியது. "எனக்கும் வந்தது" என்று உள்ளே போய் எடுத்து வந்து காட்டியவர்கள் ஆறு பேர். அதுவரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் இருந்திருக்கிறார்கள்.

மே மாதம் மதிப்பீட்டுக்கு ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் தன்னார்வலராக வந்தார். பள்ளத்தாக்கைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று எங்கள் வீட்டைப் பார்த்தார். மண்டியிட்டு, சுவரின் அடியில் இருந்த காற்றுத் துளையின் கம்பிவலையில் பென்சில் முனையை விட்டார். தடையில்லாமல் உள்ளே போனது. "பென்சில் போகிற வழியில் கங்கும் போகும். கூரைக்கு அடியிலுள்ள துளைகளிலும் இதே வலைதான் இருக்கும்," என்றார். எட்டில் ஒரு பங்கு அங்குலக் கண் உள்ள உலோக வலை போட வேண்டும். ஒரு மாத மளிகைச் செலவுகூட ஆகாத வேலை அது. ஒரே சனிக்கிழமையில் என் கணவர் எல்லாத் துளைகளுக்கும் அடித்து முடித்தார்.

பிறகு வாசலுக்கு வந்தார். சித்திரை முதல் நாளுக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் சருகாகித் தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் இலையைத் தொட்டார். விரல் பட்டதும் நொறுங்கி மிதியடி மேல் விழுந்தது. மிதியடி தேங்காய் நார். கதவின் ஓரத்தில் ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்த தென்னந்துடைப்பம். சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே, சுவரை ஒட்டி, தலைக்கு மேல் வளர்ந்த கறிவேப்பிலைச் செடி. அவர் குறை சொல்லவில்லை, ஒவ்வொன்றும் என்ன என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் அளவு நாடாவை எடுத்துச் சுவரிலிருந்து ஐந்து அடி பிடித்துக் காட்டினார். "இந்தக் கோட்டுக்குள் எரியக்கூடியது எதுவும் வேண்டாம்."

இதைத்தான் ஜோன் சீரோ என்கிறார்கள். வீட்டைச் சுற்றி 100 அடிக்குப் புதரைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற சட்டம் பழையது. முதல் ஐந்து அடியைத் தனியாகப் பிரித்த சட்டம் 2020இல் வந்தது. எங்கள் வேலை நடந்தபோது அதன் விதிகள் எழுதி முடிந்தபாடில்லை. விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். மரப்பட்டைத் தூள் பரப்பியிருந்த இடத்தில் சரளைக்கல் கொட்டினோம். வீட்டோடு ஒட்டியிருந்த மரக் கதவையும் வேலியின் கடைசித் துண்டையும் எடுத்துவிட்டு இரும்பில் போட்டோம். மரவேலி பற்றினால் திரி மாதிரி தீயைச் சுவருக்குக் கொண்டுவந்துவிடும். கறிவேப்பிலையை முற்றத்தின் நடுவுக்கு நகர்த்தினோம். மாவிலை இப்போதும் கட்டுகிறோம், பண்டிகை முடிந்த மாலையே கழற்றிவிடுகிறோம். முதலில் அம்மாவுக்கு அது வருத்தம். "வாசலை வெறிச்சுன்னு வைக்கலாமாடி?" என்றார். வாசற்படிக் கல்லில் மாக்கோலம் போடச் சொன்னேன். அது எரியாது.

பள்ளத்தாக்குச் சரிவில் புதர் வெட்டும் வேலை மட்டும் நாங்கள் நினைத்தபோது நடக்கவில்லை. மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 15 வரை எங்கள் சரிவில் இருக்கிற மாதிரியான கடலோரப் புதர்க்காட்டில் கை வைக்கக் கூடாது என்பது நகர விதி. நாட்கேச்சர் என்ற சின்னச் சாம்பல் நிறப் பறவை அங்கே கூடு கட்டும் காலம் அது. 1993 முதல் பாதுகாக்கப்பட்ட இனம். பூனைக்குட்டி முனகுவது போல அது கத்துவதை எத்தனையோ காலையில் கேட்டிருக்கிறேன், பறவை என்று தெரியாமலே. தெருவில் சிலருக்கு இந்த விதி மேல் கோபம். எனக்கு அந்த விதி சரியாகத்தான் படுகிறது. ஐந்து அடிக்குள் செய்ய வேண்டிய வேலையே எங்களுக்கு அந்தக் காலம் முடியும்வரை இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் கைக்கருவிகளை வைத்தே சரிவை மெலிவாக்கினோம். அடியோடு மொட்டையடித்தால் மழைக்கு மண் சரியும், காய்ந்த புல்தான் திரும்ப முளைக்கும்.

அக்டோபருக்குள் ஆர்வம் வடிந்துவிட்டது. குழுவில் ஏழு பேர் இருந்தோம், கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். மணிக்கணக்கு எழுதும் தாளில் பாதி வீடுகளுக்கு நேராக ஒன்றும் இல்லை. விட்டுவிடலாமா என்று நினைத்தேன்.

2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸில் தீப்பிடித்தது. அங்கே பாலிசேட்ஸ் பகுதியில் சாலை நெரிசலில் சிக்கியவர்கள் காரை அப்படியே விட்டுவிட்டு ஓடியதையும், தீயணைப்பு வண்டி போக அந்தக் கார்களை புல்டோசர் தள்ளியதையும் எல்லாரும் பார்த்தோம். மேற்கு அல்டடீனாவுக்கு வெளியேறும் உத்தரவு பல மணி நேரம் தாமதமாக வந்ததும், அங்கே வயதானவர்கள் பலர் இறந்ததும் பிறகு தெரிந்தது. அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்த கூட்டத்தில் உட்கார இடமில்லை.

என் கவலை அம்மாவைப் பற்றி. நாங்கள் இருவரும் வேலைக்குப் போனபின் அவர் வீட்டில் தனியாக இருப்பார். ஊர் எண்ணில் வாட்ஸ்அப் மட்டும் வைத்திருந்தார். இங்குள்ள சிம் ஒன்றை வாங்கிப் போட்டு, அவசர எச்சரிக்கை அனுப்பும் அலர்ட் சான் டியேகோவில் அந்த எண்ணைப் பதிவு செய்தேன். ஜெனாசிஸ் செயலியில் எங்கள் வெளியேற்ற மண்டலத்தின் எண்ணைப் பார்த்து, தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். எதிர் வீட்டுக்காரரிடம் அம்மாவை அழைத்துப்போய் அறிமுகப்படுத்தினேன். உத்தரவு வந்தால் அவர் வந்து கூப்பிடுவார், அம்மா கேள்வி கேட்காமல் போக வேண்டும். பாஸ்போர்ட், கிரீன் கார்டு, வீட்டுப் பத்திரம், ரத்த அழுத்த மாத்திரை, கண்ணாடி எல்லாம் ஒரு பையில். ஒத்திகை பார்த்தபோது முதல் தடவை 23 நிமிடம் ஆனது. அம்மா பீரோவில் எதையோ தேடிக்கொண்டே இருந்தார். அப்பாவின் கைக்கடிகாரம். அதை முதலிலேயே பையில் போட்டுவிட்டோம். மூன்றாவது தடவை ஒன்பது நிமிடம்.

வசந்தத்தில் கவுன்சில் கூட்டத்தில் புதுக் கட்டுமானம் பற்றிப் பேச்சு வந்தது. அருகிலுள்ள கார்மல் மவுண்டன் ராஞ்சில் மூடிப்போன கோல்ஃப் மைதானத்தில் 1,200 வீடுகள் கட்ட 2021இலேயே நகர மன்றம் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. புது வீடே வேண்டாம் என்றார்கள் சிலர். அதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த ஊரில் வாடகை கொடுத்து மாளாத இளம் குடும்பங்களை எனக்குத் தெரியும். 2008க்குப் பிறகு அபாயப் பகுதியில் கட்டுகிற வீடுகளுக்குக் கூரை, துளை, ஜன்னல் எல்லாவற்றுக்கும் கடுமையான கட்டட விதி உண்டு. 1980களில் கட்டிய எங்கள் வீட்டைவிட அவை தீயைத் தாங்கும். நான் எழுந்து கேட்டது வேறு: எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் எந்தச் சாலையில் எத்தனை கார் போக முடியும்? அபாயப் பகுதிகளில் வெளியேற இரண்டு வழியில்லாத குடியிருப்புகளை நகரங்கள் கண்டறிய வேண்டும் என்று 2019இல் மாநிலச் சட்டம் வந்திருக்கிறது. அந்தக் கணக்கைக் காட்டச் சொல்லி நகர அலுவலகத்துக்குக் கவுன்சில் கடிதம் எழுத வேண்டும் என்றேன். இந்தத் தடவை அது நிகழ்ச்சி நிரலில் இருந்தது, வாக்கெடுத்து எழுதினார்கள். பதிலுக்கு இன்னும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மார்ச் மாதம் வந்த புது அபாய வரைபடத்தையும் சேர்த்து மதிப்பீட்டைத் திருத்தி, ஏப்ரலில் விண்ணப்பித்தோம். மாநிலத் தரப்பில் சரிபார்த்து, வேலைத் திட்டத்தில் யார் எதை எப்போது செய்வார்கள் என்று தெளிவாக எழுதச் சொல்லி ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள். ஜூலையில் அங்கீகாரம் வந்தது. மணிக்கணக்கு 41 தேவைப்பட்ட இடத்தில் 163 இருந்தது.

அதனால் பழைய நிறுவனம் திரும்ப எங்களைச் சேர்த்துக்கொண்டதா என்று கேட்பார்கள். இல்லை. ஃபயர்வைஸுக்கும் வீட்டில் செய்த மாற்றங்களுக்கும் தள்ளுபடி தர வேண்டும் என்றுதான் மாநில விதி, பாலிசி தந்தே ஆக வேண்டும் என்று இல்லை. ஃபேர் பிளான் கட்டணத்தில் தள்ளுபடி கிடைத்தது. தெருவில் இரண்டு பேருக்குப் புது நிறுவனம் கிடைத்திருக்கிறது. வேலை செய்யும்போதே படம் எடுத்து, ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். தள்ளுபடி கேட்கும்போது எங்களிடம் அவற்றைத்தான் கேட்டார்கள்.

இந்த இலையுதிர் காலத்தில் ஒரு நாள் கிழக்கிலிருந்து சுடுகாற்று அடித்தது. மதியமே எச்சரிக்கை வந்துவிட்டது. நான் வீட்டுக்கு வந்தபோது மிதியடியையும் துடைப்பத்தையும் அம்மா உள்ளே எடுத்து வைத்திருந்தார், பை வாசல் பக்கத்தில் இருந்தது. எச்சரிக்கை வந்தால் ஒருவர் அடுத்தவரைக் கூப்பிடுகிற தொலைபேசிச் சங்கிலியில் எங்களுக்கு அடுத்தவர், தெருக்கோடியில் தனியாக இருக்கும் காது கேட்காத பெரியவர். அவருக்கு மணி அடித்துப் பயனில்லை என்று என் மகனை அனுப்பினேன். அவன் போன வேகத்தில் திரும்பி வந்தான். பெரியவர் காரைத் தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டு, வாசலில் உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருந்தாராம்.