குலுக்கக் கூடாத குப்பி

தம்பிக்கு ஹீமோபிலியா ஏ, அதாவது ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் எட்டு என்ற புரதம் குறைவாக இருக்கும் நோய். வீட்டில் அவனுக்கு அந்த ஃபேக்டரை ஊசியில் போடுவது நான்தான். பழகிய புதிதில் ஒரு நாள் அவசரத்தில் மருந்துப் பொடி இருக்கும் குப்பிக்குள் தண்ணீரை ஏற்றிவிட்டு, இருமல் மருந்தைக் குலுக்குவதுபோல நன்றாகக் குலுக்கிவிட்டேன். உள்ளே ஒரே நுரை. அது அடங்கும்வரை வீங்கிய முழங்காலை நீட்டிக்கொண்டு அவன் என்னை முறைத்துக்கொண்டே இருந்தான். மெதுவாகச் சுழற்றத்தான் வேண்டுமாம். நுரைக்கும்போது காற்றில் பட்டே இந்தப் புரதம் உருக்குலையுமாம்.

அன்றைக்குத்தான் இந்த வெள்ளைப் பொடி எப்படித் தயாராகிறது என்று படிக்க உட்கார்ந்தேன். ஃபேக்டர் எட்டு சரியான தொட்டாற்சிணுங்கி. தயாரிப்பு முழுக்க அதைக் காப்பாற்றுகிற பாடுதான், அப்படியும் முக்கால்வாசி வழியிலேயே போய்விடுகிறது.

ஒரு யூனிட் என்பது சாதாரண ஆளின் ஒரு மில்லி பிளாஸ்மாவில் (செல்களைப் பிரித்தபின் மிஞ்சும் ரத்தத்தின் திரவப் பகுதி) இருக்கும் ஃபேக்டரின் அளவு. அப்படியென்றால் ஒரு லிட்டரில் சுமார் 1000 யூனிட் இருக்கவேண்டும். குப்பிக்கு வந்து சேர்வதோ 150, மிஞ்சினால் 250. தம்பி 60 கிலோ. கிலோவுக்கு ஒரு யூனிட் போட்டால் ரத்தத்தில் ஃபேக்டர் சாதாரண அளவில் 2 சதவீதம் ஏறும், மூட்டில் ரத்தம் கசிந்து 50 சதவீதம் வேண்டுமென்றால் 1500 யூனிட். லிட்டருக்கு 200 என்று வைத்தாலும் ஏழரை லிட்டர் பிளாஸ்மா. ஒருவர் ரத்ததானம் செய்தால் அதில் பிளாஸ்மா 200, 250 மில்லிதான் வரும், ஆக முப்பது பேருக்கு மேல் கை நீட்டியிருக்கிறார்கள். அதுவும் உடம்புக்குள் போய் 12 மணி நேரத்தில் ஏறக்குறைய பாதி கரைந்துவிடும்.

சரி, மீதி எங்கே போகிறது? ரத்தம் எடுத்ததுமே இழப்பு ஆரம்பம், அதனால்தான் பிளாஸ்மாவைப் பிரித்துச் சில மணி நேரத்துக்குள் உறைய வைக்கிறார்கள். அடுத்தது கிரையோ. உறைந்த பிளாஸ்மாவைச் சூடு காட்டாமல், குளிர்சாதனப் பெட்டிக் குளிரிலேயே (1 முதல் 6 டிகிரி) மெதுவாக உருகவிட்டால் எல்லாம் கரைந்த பிறகும் அடியில் வெண்மையாகக் கொஞ்சம் கரையாமல் நிற்கும். அந்த வண்டல்தான் கிரையோ, ஃபேக்டர் எட்டு இருப்பது அதில்தான். 1964இல் ஸ்டான்ஃபோர்டில் ஜூடித் பூல் இதைக் கண்டு சொன்னார். இவ்வளவு எளிய வேலையா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான், பெரிய ஆலைகளில்கூட முதல் படி இன்றும் இதுவே. ஆனால் இங்கேயே நிறைய ஃபேக்டர் மேலே நிற்கும் திரவத்தோடு போய்விடும்.

ஆலையில் ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மா ஒரே தொட்டியில் கலக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்த கொடுமைக்குக் காரணம் இதுதான்: தானம் கொடுத்தவர்களில் ஒருவருக்கு எச்ஐவி இருந்தால் அந்தத் தொகுதி முழுக்கக் கெட்டது, அப்படி ஆயிரக்கணக்கான ஹீமோபிலியாக்காரர்களுக்கு அது தொற்றியது. அப்புறம்தான் கிருமியை அழிக்கும் படிகள் வந்தன. கரைப்பானையும் சோப்பு மாதிரியான ஒரு பொருளையும் சேர்த்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி இவற்றின் கொழுப்பு உறை கரைந்துபோகும். ஹெபடைடிஸ் ஏ மாதிரி அந்த உறையே இல்லாத வைரஸ்களிடம் இது பலிக்காது. அதற்குத்தான் சூடு: உலர்ந்த பொடியை 80 டிகிரியில் 72 மணி நேரம், அல்லது திரவமாகவே 60 டிகிரியில் 10 மணி நேரம். குலுக்கினாலே கெடுகிற பொருளை மூன்று நாள் சுடவைக்கிறார்கள்! சர்க்கரை, அமினோ அமிலம் என்று ஏதாவது சேர்த்துத் தாங்கவைத்தாலும் ஒரு பங்கு செத்துத்தான் போகும். உயிருக்கு உத்தரவாதம் என்பதால் அந்த இழப்பைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

ஹீமோபிலியா பி உள்ளவர்களுக்குப் போடும் ஃபேக்டர் ஒன்பதுக்கு இவ்வளவு பாடு கிடையாது. அது கிரையோ எடுத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்மாவிலிருந்தே வருகிறது, உருவமும் சிறியது, வைரஸை நிறுத்தும் மிக நுண்ணிய வடிகட்டியிலும் சுலபமாக நுழைந்துவிடும். ஃபேக்டர் எட்டோ வான் வில்லிபிராண்ட் என்கிற பெரிய புரதத்தைக் கூடவே கூட்டிக்கொண்டு அலையும், அதே வடிகட்டியில் மாட்டிக்கொள்ளும். அந்தத் துணை நிறைய இருக்கும் சில மருந்துகளை வான் வில்லிபிராண்ட் குறைபாடு உள்ளவர்களுக்கும் போடுகிறார்கள்.

1992 முதல் பிளாஸ்மாவிலிருந்து எடுக்காமல் செல்களில் வளர்த்தெடுத்த ஃபேக்டர் எட்டும் சந்தையில் இருக்கிறது. தம்பிக்குக் கிடைப்பது பிளாஸ்மாவில் எடுத்ததுதான். குப்பியைச் சரித்து ஓரத்தில் ஒட்டிய கடைசித் துளியையும் சிரிஞ்சில் இழுக்கிறேன், "போதும், விடு" என்று அவன் கையை நீட்டுகிறான்.