கிழவர் எழுந்த கதை: ஒரு ஸ்டாப் மோஷன் மாணவியின் நாட்குறிப்பு

ஜூன் 4
என் இறுதியாண்டுப் படம் ஸ்டாப் மோஷன்: பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் படம் பிடித்து அசைவாக்க வேண்டும். முதல் காட்சியில் கிழவர் பொம்மை நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறார். அவ்வளவுதான். எழும் நேரம் 3 நொடி என்று வைத்திருக்கிறேன். நொடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்), ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு ஃபிரேம் என்றால் 36 நிலைகள். பாதத்துக்குள் நட் பதித்து, மேசைக்கு அடியிலிருந்து திருகாணியால் முடுக்கிவிட்டேன். இனி விழமாட்டார்.

ஜூன் 6
எடுத்ததெல்லாம் மினுக்மினுக்கென்று துடிக்கிறது. கேமராவின் தானியங்கி அமைப்புகளை அணைத்திருந்தேன், ஜன்னலையும் மூடியிருந்தேன். கடைசியில் பார்த்தால் காரணம் என் வெள்ளைச் சட்டை. நான் நிற்கும் இடம் மாறும்போதெல்லாம் அதில் பட்டுத் தெறித்த வெளிச்சம் கிழவரின் கன்னத்தில் விழுந்திருக்கிறது. நாளை முதல் கறுப்புச் சட்டை.

ஜூன் 9
துடிப்பு போய்விட்டது. ஆனால் கிழவர் எழவில்லை. யாரோ மேலிருந்து கயிறு கட்டி இழுத்ததுபோல் உயர்கிறார். ஆசிரியை பார்த்துவிட்டு, “நீ எழுந்து காட்டு” என்றார். எழுந்தேன். “முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டு எழு.” முடியவில்லை! தலையும் மார்பும் முன்னால் சாய்ந்து, உடலின் பாரம் பாதத்துக்கு வந்த பிறகுதான் இடுப்பு நாற்காலியை விட்டுக் கிளம்புகிறது. இத்தனை வருடங்களாக எழுந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை. 36 நிலைகளில் முதல் 14 நிலைகளைச் சாய்வதற்கே ஒதுக்கிவிட்டேன். இடுப்பு கிளம்பும் முன் ஒரு கணம் அப்படியே நிற்கவும் வேண்டும். அந்தத் தயக்கத்தில்தான் அவருடைய வயது இருக்கிறது.

ஜூன் 10
29-வது நிலையில் வலது கணுக்கால் முறிந்தது. ஐந்து மணி நேர வேலை. ஒட்டினாலும் பழைய இடத்தில் மிகச்சரியாக நிற்க வைக்க முடியாது, படத்தில் துள்ளல் தெரிந்துவிடும். முதலிலிருந்துதான் எடுக்க வேண்டும். அழுதேன்.

ஜூன் 15
ஐந்து நாட்களாகக் கேமராவைத் தொடவில்லை. கிழவருக்குள் எலும்பாக இருப்பது அலுமினியக் கம்பி. அதை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் அந்த இடம் இறுகி, ஒருநாள் பட்டென்று முறியும். முறியாத கம்பி என்று ஒன்று கிடையாது. ஆகவே, முறிந்தால் மாற்றிக்கொள்ளும்படி காலைச் செய்தேன். ஒன்றுக்குள் ஒன்று போகும் இரண்டு சதுரப் பித்தளைக் குழாய்கள்: பெரியதை முழங்காலுக்குக் கீழே எபாக்சி பசையால் பதித்தேன், சிறியதில் பாதத்தின் கம்பியைப் பொருத்தினேன். செருகினால் மெல்லிய உரசலோடு போய் உட்காருகிறது. சதுரம் என்பதால் சுழலாது. மெல்லிய கம்பிகள் மூன்றை முறுக்கி, உதிரியாக நான்கு பாதங்கள் செய்து வைத்திருக்கிறேன். இரவு வெகுநேரம் அதைச் செருகுவதும் கழற்றுவதுமாக உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு மகிழ்ச்சி எனக்குப் படம் பிடிக்கும்போது வந்ததில்லை.

ஜூன் 18
மறுபடி எடுத்தேன். 36 நிலைகளும் முடிந்தன. கிழவர் சாய்கிறார், தயங்குகிறார், எழுகிறார். பாதம் தாங்கியது.

ஜூன் 21
முதலாண்டில் என்னவாக ஆசை என்று கேட்டபோது அனிமேட்டர் என்று எழுதிக் கொடுத்தேன். இன்று ஆசிரியையிடம், பொம்மைக்குள் எலும்புக்கூடாக இருக்கும் ஆர்மேச்சர் செய்யும் பிரிவில்தான் வேலை தேடப்போகிறேன் என்றேன். புகழ்பெற்ற ஸ்டாப் மோஷன் கலைஞர் ரே ஹாரிஹவுசனின் பொம்மைகளுக்கு உலோக எலும்புகளைக் கடைந்து கொடுத்தவர், இயந்திரத் தொழிலாளியான அவருடைய தந்தைதான் என்று ஆசிரியை சொன்னார். மகன் வரைந்து கொடுப்பாராம், தந்தை செய்து கொடுப்பாராம். அதைக் கேட்டதிலிருந்து மனம் வேறெதிலும் ஒட்டவில்லை.

வேலைக்கு அனுப்பும் ஷோரீலில், அதாவது என் வேலையைக் காட்டும் மாதிரிக் காணொளியில், களிமண்ணும் உடையும் போட்ட கிழவர் மட்டும் இருந்தால் போதாது. தோல் போர்த்தாத வெறும் ஆர்மேச்சர், அதே நாற்காலியிலிருந்து, அதே 3 நொடியில் எழ வேண்டும். மூட்டு எங்கே வளைகிறது, எங்கே வளையாமல் தாங்குகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். இடுப்புக்குக் கம்பி போதாது, பந்துக்கிண்ண மூட்டு தேவை. கடைசல் இயந்திரத்தில் எஃகுக் குண்டைத் துளைக்க நாளை கற்றுக்கொள்கிறேன்.