பிள்ளைக்குக் குளிரவில்லை, அம்மா

கொழும்பில் எந்தச் சிசு தீவிர சிகிச்சைப் பிரிவிலும் ஒஸிலேட்டர் எனும், காற்றை வேகமாக அதிரவைத்து மூச்சுக் கொடுக்கும் மெஷின் ஓடும்போது அம்மாமார் கேட்பது ஒன்றுதான்: "மிஸ், பிள்ளை நடுங்குதே, குளிருதோ?" குளிரில்லை. அந்த நடுக்கம்தான் பிள்ளையின் மூச்சு. வாட்டில் புதிதாக நிற்பவர்களும் திரையை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

10 ஹேர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 600 அதிர்வு. ஒவ்வொன்றிலும் உள்ளே போவது கிலோவுக்கு ஏறக்குறைய 2 மில்லிலீட்டர். 3 கிலோ பிள்ளைக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றே கூட. நுரையீரலை விரித்துச் சுருக்காமல், விரித்தபடியே வைத்து உள்ளிருக்கும் காற்றை மட்டும் கலக்குகிறது.

சாதாரண வென்டிலேட்டரில் அழுத்தம் ஏறிக்கொண்டே போயும் ஒட்சிசன் தேறாவிட்டால் இதற்கு மாறுவார்கள். கணக்கு எளிது: மெஷினின் சராசரி அழுத்தம் 16 செ.மீ. நீர், கொடுக்கும் ஒட்சிசன் 100 சதவீதம், இரத்தத்தில் ஒட்சிசன் 50 மி.மீ. பாதரசம் என்றால் 16 × 100 ÷ 50 = 32. இந்த எண் 25ஐத் தாண்டினால் யோசிக்கத் தொடங்கலாம்.

ஒட்சிசனுக்குப் பொறுப்பு 'மேப்' எனும் சராசரி அழுத்தம். பழைய மெஷினில் இருந்ததைவிட 2 செ.மீ. நீர் கூட்டித் தொடங்கி, 1, 2 என்று ஏற்ற வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குள் எக்ஸ்ரே: பின் விலா எலும்புகள் 8 அல்லது 9 தெரிந்தால் போதும். 10ஐத் தாண்டி, உதரவிதானம் தட்டையாகி, இதயம் ஒடுங்கித் தெரிந்தால் மேப் கூடிவிட்டது. அப்போது இரத்த அழுத்தமும் விழும். உடனே சேலைன் ஏற்ற ஓடுகிறார்கள். குறைக்க வேண்டியது மேப்பை. மெக்கோனியம் (பிள்ளையின் முதல் மலம்) அடைத்த நுரையீரலிலும், காற்றுக் கசியும் நுரையீரலிலும் ஏற்றுவதில் கை கொஞ்சம் தயங்கத்தான் வேண்டும்.

காபனீரொட்சைட்டுக்குப் பொறுப்பு அம்ப்ளிட்யூட், அதாவது அதிர்வின் வீச்சு. நடுக்கம் நெஞ்சிலிருந்து தொப்புளைக் கடந்து அடிவயிறு வரை தெரியும்படி வைக்க வேண்டும். சறுக்குவது ஃப்ரீக்வென்சியில், அதாவது அதிர்வின் வேகத்தில். காபனீரொட்சைட்டு கூடினால் ஃப்ரீக்வென்சியையும் கூட்டத் தோன்றும். செய்ய வேண்டியது குறைப்பது. ஃப்ரீக்வென்சி குறைந்தால் ஒவ்வொரு அதிர்வுக்கும் நேரம் கிடைத்துக் கன அளவு கூடும். வெளியேற்றத்தில் கன அளவு இரண்டு தடவை பெருக்கப்படுகிறது, ஃப்ரீக்வென்சி ஒரு தடவைதான். கன அளவை மெஷினே நிலையாக வைத்திருக்கும் முறையில் இது தலைகீழாகும். எந்த முறையில் ஓடுகிறது என்று பார்க்காமல் அந்தக் குமிழைத் தொடக்கூடாது.

நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சேர்பாக்டன்ட் மருந்து கொடுத்த பிறகு நுரையீரல் இளகும். அமைப்பு பழையபடியே இருந்தால் காபனீரொட்சைட்டு சட்டென்று 35 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இறங்கி மூளைக்குப் போகும் இரத்தம் குறையும். குறைமாதப் பிள்ளைக்கு அது பெரிய ஆபத்து. மாற்றம் செய்து 20, 30 நிமிடத்தில் பிளட் கேஸ் (இரத்த வாயுப் பரிசோதனை) எடுத்துவிட வேண்டும்.

நடுக்கம் திடீரென்று குறைந்தால் முதலில் மூச்சுக்குழாயில் வைத்த ட்யூப்: சளி அடைத்ததா, மடிந்ததா, நழுவியதா. ஒரு பக்கம் மட்டும் நின்றால் ட்யூப் ஒரு பக்கமாக இறங்கியிருக்கலாம், நியூமோதொராக்ஸாகவும் (நுரையீரலுக்கு வெளியே காற்றுக் கசிந்து தேங்குவது) இருக்கலாம். நெஞ்சில் டோர்ச் வைத்துப் பாருங்கள், காற்றுத் தேங்கிய பக்கம் கூட ஒளிரும். இன்னொன்று தண்ணீர். ஏ.சி. காற்று நேரே அடிக்கும் கட்டிலில் சூடான ஈரக்காற்று குழாய்க்குள்ளேயே நீராகித் தேங்கி அதிர்வை விழுங்கிவிடும். குழாயைப் பிள்ளையிலிருந்து கீழ்நோக்கிச் சரித்து வைப்பது அதனால்தான்.

சளியை உறிஞ்சும் சக்ஷனுக்காக மெஷினைக் கழற்றினால் விரிந்த நுரையீரல் சில வினாடியில் மடங்கிவிடும். கழற்றாமலே உறிஞ்சும் மூடிய சக்ஷன் கதீட்டர்தான் பாவிக்க வேண்டும், அதுவும் தேவைப்பட்டால் மட்டும். இதயத்தைக் கேட்க வேண்டுமானால் அதிர்வை மட்டும் நிறுத்துங்கள். மேப் அப்படியே நிற்கும்.

டியூட்டி மாறும்போது சார்ட்டில் எண்களோடு நடுக்கம் எதுவரை தெரிந்தது என்பதையும் எழுதுங்கள்: 'இரு பக்கமும் சமம், தொப்புளுக்குக் கீழே வரை.' அடுத்து வருகிற மிஸ்ஸுக்கு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.