பெயர் மாற்றிய பக்கம் திறந்தால் மட்டும் போதாது: இணைப்புகளைச் சோதிக்கும் முறை

ஒரு பக்கத்தின் ஸ்லக்கை (முகவரியின் கடைசியில் வரும் பெயரை) மாற்றியபின் பழைய இணைப்பைச் சொடுக்கினால் பக்கம் திறக்கிறது. அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். இணைப்பே புது முகவரிக்கு மாறியிருக்கலாம். அல்லது பழைய முகவரியை சர்வர் 301 (பக்கம் நிரந்தரமாக இடம் மாறியது என்னும் குறியீடு) கொடுத்துத் திருப்பிவிட்டிருக்கலாம். எது நடந்தது என்று தெரியாமல் சோதனையை முடிக்கக் கூடாது.

சோதனைத் தளத்தில் இரண்டு பக்கங்கள் போதும். முதல் பக்கத்திலிருந்து இரண்டாவதற்கு எடிட்டரின் தேடலில் தேர்ந்தெடுத்த இணைப்பு ஒன்று, முழு முகவரியைக் கையால் ஒட்டியது ஒன்று, மெனுவில் ஒன்று, # போட்டு உள்தலைப்புக்குப் போவது ஒன்று. இரண்டாவதைப் பப்ளிஷ் செய்து, பிறகு ஸ்லக்கை மாற்றி, கேச்சைக் காலிசெய்துவிட்டு, முதல் பக்கத்தின் ஹெச்டிஎம்எல் மூலத்தைப் பாருங்கள். பிரவுசர் 301-ஐ நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால் பழைய முகவரியை கர்ல் (curl) என்னும் கட்டளைவரிக் கருவி கொண்டு கேட்பதே நம்பகமானது.

ப்ளோன் (Plone) என்னும் தள மேலாண்மை மென்பொருளில் எடிட்டர் வழியாகத் தேர்ந்தெடுத்த இணைப்பு அடையாள எண்ணாகச் சேமிக்கப்படுவதால் புதுப் பெயரோடு வரும். ஒட்டிய முகவரி அப்படியே கிடக்கலாம். வேர்ட்பிரஸ் கட்டுரைக்குள் எல்லா இணைப்பும் வெறும் எழுத்துதான். பழைய ஸ்லக்கைக் குறித்துவைத்துத் திருப்பும் வசதி அதில் போஸ்ட்டுகளுக்கு உண்டு, படிநிலை கொண்ட பேஜ்களுக்கு இல்லை. பேஜ் சில சமயம் சரியாகத் திரும்புவது, ஒத்த பெயரை ஊகித்துத் தேடுவதால்தான். அதை நம்பி விடாதீர்கள்.

பலரும் விட்டுவிடும் சோதனை ஒன்று உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். பழைய ஸ்லக்கிலேயே வேறொரு புதுப் பக்கம் உருவாக்குங்கள். இப்போது பழைய இணைப்புகள் 200 (பக்கம் கிடைத்தது என்னும் குறியீடு) தரும், இணைப்புச் சோதனைக் கருவி எல்லாம் சரி என்னும், வாசகரோ தவறான பக்கத்தில் நிற்பார். அதனால் நிலைக்குறியீட்டோடு பக்கத் தலைப்பையும் ஒப்பிட வேண்டும். # பகுதி சர்வருக்குப் போவதே இல்லை. அதை மூலத்தில் அந்த உள்தலைப்புக்கு இட்டுள்ள ஐடியோடுதான் பொருத்திப் பார்க்க முடியும்.

கையால் எழுதிய திருப்ப விதிகள் இருந்தால், பெயரை மாற்றிவிட்டு மறுபடி பழைய பெயருக்கே கொண்டுவந்து பாருங்கள். முடிவில்லாத சுழற்சி அங்கேதான் பிடிபடும்.

தமிழ் ஸ்லக்குக்குத் தனிச் சோதனை தேவை. ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் 9 எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் ஸ்லக்கின் வரம்பு 200 எழுத்து. கால், கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து 22 குறிகளோடு வெட்டுப்படும். ஒரே தொடக்கம் உள்ள இரண்டு நீளத் தலைப்புகளில் பின்னதற்கு -2 ஒட்டிக்கொள்ளும். ஆகவே நீங்கள் தட்டச்சு செய்த பெயரை அல்ல, சேமித்தபின் காட்டும் முகவரியை நகலெடுத்துச் சோதியுங்கள்.